ஆஸ்பத்திரிக்கு எந்த வாசல்?

சென்னை சென்டிரலில் எத்தனை ரெயில் நிலையங்கள் இருக்கின்றன?

ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஐந்து இருக்கின்றன!

கோவை, பெங்களூர், வடநாடு செல்லும் ரெயில்கள் நிற்பது 1873-ம் ஆண்டில் உருவான பழைய சென்டிரல் நிலையம். அதை ஒட்டி மூர்மார்க்கெட் கட்டிடம். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரெயில்கள் அங்கே இருந்து புறப்படுகின்றன. சாலைக்கு எதிர்ப்புறம் பூங்கா நிலையம். தாம்பரம் போகிறவர்கள் அங்கே ஏறுகிறார்கள். பக்கத்திலேயே பூங்கா நகர் நிலையம். வேளச்சேரிக்குப் போகும் "பறக்கும் ரெயில்" அங்கே கிடைக்கும்.

ஐந்தாவது நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது. அதுதான் மெட்ரோ.

அடுக்கு மாடி நிலையம்

2018-ல் பச்சைப் பாதையும், 2019-ல் நீலப் பாதையும் இங்கே வந்தன. கோயம்பேடு வழியாகப் பரங்கிமலைக்குப் போவது பச்சை. விமான நிலையத்துக்குப் போவது நீலம்.

இரண்டு பாதைகளும் ஒரே மட்டத்தில் குறுக்கிட்டால், ஒரு ரெயில் போகும் வரை மற்றொன்று காத்து நிற்கவேண்டும். அதனால் ஒன்றுக்குக் கீழே மற்றொன்றை அமைத்தார்கள். சீட்டு வாங்குவது ஒரு தளம். ரெயில் ஏறுவது வேறு தளம். லிப்டும் உண்டு, நகரும் படிக்கட்டும் உண்டு.

கட்டியவர்களைப் பாராட்டவேண்டும். ஆனால் கட்டியதோடு வேலை முடிந்துவிட்டதா?

தாயாருடன் வருகிறவர்

வ. புதுப்பட்டியில் இருந்து ஒருவர், நோயாளியான தன் தாயாரைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பஸ்சில் ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறார். பொதிகை எக்ஸ்பிரசில் ஏறி, மறுநாள் காலை எழும்பூரில் இறங்குகிறார். அங்கே இருந்து மெட்ரோவில் அடுத்த நிலையமே சென்டிரல். 1664-ல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி, சென்டிரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. சில நிமிடப் பயணம்தான்.

கஷ்டம் இறங்கிய பிறகுதான். எந்தப் படியில் ஏறுவது? எந்த வாசலில் வெளியே வருவது? வாசல் மாறினால் சாலையின் மறுபக்கம் வந்துவிடுவார். நடக்க முடியாத தாயாருடன் மறுபடியும் இறங்கவேண்டும், ஏறவேண்டும். ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் நேரம் அதற்காகக் காத்திருக்காது!

ஸ்ரீவில்லிபுத்தூரில் வழி தப்பினால், ஆண்டாள் கோவில் கோபுரத்தைப் பார்த்துத் திசை கண்டுகொள்ளலாம். பூமிக்கு அடியில் கோபுரம் தெரியாது. சூரியனும் தெரியாது. சுவரில் உள்ள பலகைதான் துணை.

பலகைகள் இல்லாமல் இல்லை. தமிழிலும் எழுதி இருக்கிறார்கள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பவர், கூட்டம் தள்ளும்போது நின்று படிக்க முடியுமா? படித்தவர்களே திகைத்து நிற்கும் இடம் அது.

2025-ல் "சென்னை ஒன்று" என்ற செல்போன் செயலி வந்தது. பஸ், மெட்ரோ, மின்சார ரெயில் மூன்றுக்கும் அதில் ஒரே சீட்டு வாங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சாதாரண செல்போன் வைத்திருப்பவருக்கு அது உதவாது.

படம் பேசும்

இதற்கு வழி என்ன? படம் போடவேண்டும்.

மெக்சிகோ நாட்டுத் தலைநகரில் 1969-ல் மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கியது. அங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் கொடுத்தார்கள். சாபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி! "வெட்டுக்கிளியில் இறங்கு" என்றால் குழந்தைக்கும் புரியும். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன.

மெக்சிகோ வரை போவானேன்? 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் நம் நாடு என்ன செய்தது? எழுத்துத் தெரியாதவரும் ஓட்டுப் போடச் சின்னம் கொடுத்தது. நாட்டை ஆளுவது யார் என்று தீர்மானிக்கச் சின்னம் போதும் என்றால், ஆஸ்பத்திரிக்கு வழி காட்ட அது போதாதா?

லிப்டுக்கும் கழிப்பறைக்கும் படம் போடுகிறார்கள். அதுபோல ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு படம் வேண்டும். வெளியூர் ரெயிலுக்கு ஒரு படம், மின்சார ரெயிலுக்கு ஒரு படம் வேண்டும். ரெயிலில் இருந்து இறங்கும் இடம் தொடங்கி, தெரு வரை அதே படம் தொடர்ந்து வரவேண்டும். வழியில் ஒரு திருப்பத்தில் விட்டுப்போனாலும் பயன் இல்லை.

மெட்ரோ நிர்வாகம் வேறு, ரெயில்வே வேறு. ஆளுக்கு ஒரு படம் போட்டால் குழப்பம் இரண்டு மடங்காகும். இருவரும் கூடிப் பேசி, ஐந்து நிலையங்களிலும் ஒரே படத்தைப் போடவேண்டும். காலை நேரத்தில் வழி சொல்ல ஆளும் நிறுத்தவேண்டும். இதற்குக் கோடிகள் வேண்டாம். தகடும் பெயிண்டும் போதும், மனமும் வேண்டும்.

பயணிகளும் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்கவேண்டும். மெட்ரோ சீட்டை வெளியே வரும் வரை பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாமல் கதவு திறக்காது. வழி தெரியாவிட்டால், அங்கே வேலை பார்ப்பவரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ரெயில் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்பது பெருமைதான். கிராமத்துத் தாய் ஒருத்தி, யாரையும் கேட்காமல் தானே வழி கண்டு மேலே ஏறி வருவது அதைவிடப் பெரிய பெருமை!