கடலடியில் ஒரு துப்புரவுக்காரி

அட்டை என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். காலைக் கவ்வி ரத்தம் குடிக்கும் அட்டைக்கும் இந்தக் கடல் அட்டைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நட்சத்திர மீன்தான் இதற்குச் சொந்தம்.

ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவில், கடற்புல் முளைத்த ஆழமில்லாத சேற்று மணலில் இது குடியிருக்கிறது. பல வகைகளில் விலை மதிப்புள்ளது வெள்ளை அட்டை. பார்வைக்குத் தடித்த வெள்ளரிக்காய்! கண் இல்லை, மூளையும் இல்லை. இன்னொரு வேடிக்கை, சுவாசிப்பது பின்புற வழியாக!

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை வயலில் மண்புழு என்ன செய்கிறதோ, அதையே கடலில் இது செய்கிறது. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலை ஆகாரமாக்கிக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளுகிறது. மண் கிளறப்படுவதால் கடற்புல் செழிக்கிறது. கடல் பசு மேய்வது அந்தப் புல்லைத்தான்.

ஆபத்து வந்தால் மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். மீறினால், கடல் அட்டைகளில் பல தங்கள் குடலையே வெளியே கக்கிவிடும்! பிறகு சாவகாசமாகப் புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும்.

ஆனால் மனிதன் கைக்கு மட்டும் மாற்று இல்லை. நம் வீடுகளில் யாரும் இதைச் சமைப்பதில்லை. சீனர்களுக்கோ இது விருந்துப் பண்டம். குடலை நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, மேல்தோலைச் சுரண்டிக் காயவைப்பார்கள். நூறு கிலோ பிடித்தால் பத்துக் கிலோகூடத் தேறாது. அதனால் எத்தனை பிடித்தாலும் போதவில்லை.

இதன் குடும்ப வாழ்க்கையைக் கேட்டால் ஆபத்து விளங்கும். ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதில்லை. தலையைத் தூக்கி நின்று விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடும். பக்கத்தில் துணை இருந்தால்தான் இரண்டும் சேரும். குஞ்சு சுமார் இரண்டு வாரம் மிதந்து, கடற்புல் இலையில் ஒட்டி வளரும். கூட்டம் கலைந்துவிட்டாலோ, லட்சக்கணக்கான முட்டையும் வீண்! மிஞ்சியவை உயிரோடிருந்தும் சந்ததி இல்லை.

1982-ல், மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று சர்க்கார் தடுத்தது. போதவில்லை. 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்து, பிடிப்பதையே அடியோடு தடை செய்தது. யானையும் புலியும் உள்ள பட்டியல் அது.

நல்ல காரியம்தான். ஆனால் மூச்சடக்கி மூழ்கிப் பிழைத்த குளியாள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? எதிர்க்கரையான இலங்கையில் பிடிக்க அனுமதி உண்டு, பண்ணையும் வைக்கிறார்கள். இங்கே கடத்தல் செய்திதான் அடிக்கடி வருகிறது.

இத்தனைக்கும், 1988-லேயே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வெள்ளை அட்டைக்குக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டிவிட்டார்கள். வித்தை நம் கையில் இருக்கிறது. அட்டையைத் தேடி மூழ்கிய அதே கைகளிடம் குஞ்சுகளைக் கொடுத்து, மறுபடியும் கடலில் விடச் சொல்லிக் கூலி கொடுத்தால் என்ன?