பித்தளையைப் பித்தளை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் காய் வாங்க நின்றால் பத்து நிமிஷத்துக்குள் ஒரு தமிழ்க்குரல் காதில் விழும். அப்படிப் பழக்கமானவர்தான் நம்ம மாமா. (பெயர் வேண்டாம், பாவம்.) எழுபது தாண்டியவர். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம்.

போன மாதம் எங்கள் கிளைக்கு வந்து என் மேஜையில் ஒரு செலானை வைத்தார். 18,500 ரூபாய், யாரோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு.

"தம்பி, இது ரிசர்வ் பேங்க் சர்டிபிகேட்டுக்குக் கட்டணும். கட்டினா 12 லட்சம் வரும்."

எனக்கு பகீரென்றது. ரிசர்வ் பேங்க் எந்தக் காலத்தில் தனி ஆள் கணக்கில் பணம் வாங்கியது? விசாரித்தால் பையிலிருந்து ஒரு பழைய ஓவல்டின் டப்பா வெளியே வந்தது. உள்ளே ஆறு மஞ்சள் காசுகள். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் கேடயம், 1797 என்று வருஷம். அவருடைய அப்பா கண்டோன்மென்ட்டில் ஒரு வெள்ளைக்காரரிடம் கணக்கு எழுதியவராம், அவர் கொடுத்ததாம். மாமா போட்டோ எடுத்து அனுப்ப, போனில் ஒருவன் "தங்க கினி" என்று சொல்லிவிட்டான். ஏற்கெனவே 6,500 போயிருந்தது.

காசை வாங்கிப் படித்தேன். கேடயத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் "அந்த நல்ல பழைய நாட்களின் நினைவாக" என்று எழுதியிருந்தது. எந்த அரசாங்கமாவது தன் தங்கக் காசில் இப்படி அடிக்குமா?

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் காலத்தில், 1787 முதல் 1799 வரை அடித்த தங்க கினியில் கேடயம் சீட்டுக்கட்டு இஸ்பேட் மாதிரி இருக்கும். மதிப்பு 21 ஷில்லிங், எடை எட்டு கிராமுக்கு மேல். பிற்பாடு 19-ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் பட்டறைகள் அதே அச்சைப் பார்த்துப் பித்தளையில் அடித்துத் தள்ளின, சீட்டாட்டத்தில் பாயிண்டுக்கு வைக்க. நாம் ரம்மிக்குப் புளியங்கொட்டை வைக்கிறோமே, அந்த மாதிரி. மாமா காசைத் தெரிந்த நகைக்கடையில் நிறுத்தோம். மூணு கிராம் சொச்சம்.

இன்னொரு ரகம் குதிரைமேல் ஒரு ஆள், "ஹனோவருக்கு" என்ற வாசகத்தோடு வரும். 1837-ல் விக்டோரியா இங்கிலாந்து ராணியானார். ஹனோவர் சட்டப்படி பெண்ணுக்கு அங்கே பட்டம் கிடையாது, அதனால் அவர் சித்தப்பா கம்பர்லண்ட் அங்கே ராஜாவாகப் போனார். 'போய்த் தொலை' என்று ஊரே கிண்டல் செய்த காசு, பிறகு சீட்டு மேஜைக்கு வந்தது. கேட்கவே ரசமாக இல்லையா? இதைச் சேர்ப்பவர்கள் உண்டு, நானும் ஒரு நாலைந்து வைத்திருக்கிறேன். சில நூறு ரூபாய் சமாசாரம். அதைத் தங்கம் என்று சொல்லும்போதுதான் அது கள்ளக்காசு ஆகிறது.

நம் ஊர் சரக்கு இன்னும் மோசம். ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்டு, "ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818, ஒரு அணா" என்று ஒரு செம்புக் காசு சுற்றுகிறது. லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். கம்பெனி புழக்கத்துக்கு அரை அணாச் செம்புக் காசு விட்டதுண்டு. ஒரு அணா நாணயம் ஏழாம் எட்வர்ட் காலத்தில், 1907 வாக்கில்தான் வந்தது. அதுவும் நிக்கல் கலந்தது, ஓரம் வளைவு வளைவாக இருக்கும்.

"கம்பெனிக்காரன் சாமி படம் போட்டதே இல்லையா?" என்று கேட்பீர்கள். போட்டான் சார்! மெட்ராஸில் அடித்த வராகனில் பெருமாள் உண்டு. 1808 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. இந்த நிஜம் இருப்பதால்தான் அந்தப் பொய் விலை போகிறது. ராமடங்காவை க்ஷேத்திரத்தில் வாங்கிப் பூஜையில் வையுங்கள், யார் வேண்டாமென்றார்கள்? அதன் மேல் 1818 என்று பொய் அடித்து விற்கிறானே, அவனிடம்தான் என் சண்டை.

அவனைவிட எனக்குக் கோபம் நம் வீட்டு ஆட்கள் மேல். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. நிலம் போச்சு, வீடு போச்சு, மிஞ்சியது ஒரு டப்பா. அதற்குள்ளாவது பெரிதாக ஏதாவது இருந்தாக வேண்டும்! பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து, "விலை எவ்வளவுன்னு கேளுங்கப்பா" என்று தூண்டிவிடுகிறார்கள். அந்த வெள்ளைக்காரர் யார், தாத்தா அங்கே என்ன சம்பளம் வாங்கினார் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது: பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் நாங்கள் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று. யாராவது கேட்டால் போனை வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள்.

செலானைக் கிழித்தேன். மாமாவுக்குக் கடுங்கோபம். "நீ பேங்க்காரன், உனக்குக் காசைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். (நியாயமான கேள்விதான்!) இரண்டு வாரம் பேசவில்லை.

போன ஞாயிறு காபிக்குக் கூப்பிட்டார். ஆறு காசும் கூடத்து மேஜையில் சீட்டுக்கட்டு பக்கத்தில் கிடந்தன. அந்த 6,500 பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.