ஆயில் சீல்: டாப்-அப் பண்ணிட்டே ஓட்டினா போதுமா?

பார்க்கிங்கில் காரை எடுத்த இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. ‘பழைய வண்டின்னா அப்படித்தான், டாப்-அப் பண்ணிக்கலாம்’ என்று விட்டுவிடுகிறோம். பின்னாடி பர்ஸைப் பதம் பார்ப்பது இந்த அலட்சியம்தான்.

ஆயில் சீல் என்ன செய்யும்?

இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் ஐடிலிங்கிலேயே நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றும். அது இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுப்பது இந்த ரப்பர் வளையம். அதன் மெல்லிய உதட்டை ஒரு குட்டி ஸ்பிரிங் ஷாஃப்ட்டோடு அழுத்திப் பிடிக்கும். சூட்டில் ரப்பர் இறுகினாலோ, உதடு தேய்ந்தாலோ கசிவு ஆரம்பம். கேம் ஷாஃப்ட், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் என எல்லா இடத்திலும் இதே கதைதான்.

செலவு எங்கே?

சீல் விலை குறைவு; லேபர்தான் அதிகம். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்கணும். கண்டுக்காம விட்டால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்காது. குடும்பத்தோடு மலைப்பாதையில் போகும்போது இது வெறும் செலவுப் பிரச்சினை இல்லை.

அதனால், கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே பின்பக்க சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் உள்ள வண்டியில், பெல்ட் மாற்றும்போது முன்பக்க சீலைப் பார்க்கலாம். ஒரே லேபரில் ரெண்டு வேலை முடியும். சர்வீஸ் சென்டரே இதைச் சொல்லணும். சொல்லலைன்னா நாம கேட்கணும்.

புது சீல் போட்டும் கசியுதா?

பிசிவி வால்வு அடைத்திருக்கலாம். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் சீலைத் தாண்டித் தள்ளப்படும். கசிவை நிறுத்தும் திரவங்கள் ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவுதான். தேய்ந்த உதட்டை அவை சரிசெய்யாது.

நீங்கள் செய்ய வேண்டியது

ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டையைப் போடுங்கள். நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வந்திருக்கும். பழுப்போ கறுப்போ பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில். மாதம் ஒருமுறை, சமதளத்தில் இன்ஜினை அணைத்து சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு தொடர்ந்து குறைந்தால், டாப்-அப் கேனை வாங்குவதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.