நோர்வேயின் வடகரைக் கோடையும் நாங்கள் பகிரும் சிவப்புப் படமும்



மே மாதம் பிறந்தால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்துவிடும். ஐரோப்பாவின் வரைபடம். நோர்வேயின் வடகரை முழுக்கச் சிவப்பு. கீழே "இந்தக் கோடை வழமையைவிடச் சூடு" என்று ஒரு வரி. இந்த முறையும் இரண்டு பேர் போட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதைப் போட்டது நான். ஆகவே உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

என் மகள் குடும்பம் துரொம்சோவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் படத்தை அனுப்பிவிட்டு, "இந்த முறை பிள்ளைகளைக் கடலில் நல்லா நீந்த விடுங்கோ" என்றும் எழுதினேன். யூன் தொடக்கத்தில் ஒரு நாள் 23 பாகை வெயில். பேத்தியும் தோழிகளும் இறங்குதுறைக்குப் போனார்கள். முதலில் குதித்த பிள்ளை மேலே வந்தாள், ஆனால் மூச்சு எடுக்க முடியவில்லை. கை கால் அவள் சொல் கேட்கவில்லை. பக்கத்தில் படகு கழுவிக்கொண்டிருந்த ஒரு மனிதர் கயிறு எறிந்து இழுத்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பேத்தி போனில் அழுதபோது, நான் அனுப்பிய படம்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். அந்தப் படத்தை வாசிக்கத் தெரியாமலா அனுப்பினேன்? வாசிக்காமல் அனுப்பினேன். அதுதான் உண்மை.

"வழமை" என்று அவர்கள் சொல்வது 1991 முதல் 2020 வரையான முப்பது வருடச் சராசரி. துரொம்சோவுக்கு யூன் மாதத்தில் அது ஏறக்குறைய 9 பாகை. அதைவிட ஒரு பாகை கூடினால் 10. நுவரெலியாவில் இரவில் கம்பளி தேடுகிற குளிர் அது. படத்தில் அதற்கும் சிவப்புத்தான் பூசுவார்கள்.

அந்தச் சிவப்பும் வாக்குறுதி இல்லை. ஐரோப்பிய வானிலை மையம் தன் பருவகாலக் கணிப்பைத் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 51 முறை ஓட்டிப் பார்க்கிறது. அதில் 31 முறை சூடாக வந்தால் அறுபது வீதம் சாத்தியம் என்று பொருள். மற்ற இருபதும் பொய்க் கணக்கு அல்ல, அதுவும் நடக்கலாம்.

அதோடு அந்தக் கரை தட்டையான கரையும் அல்ல. கடலில் இருந்து நேரே மலை எழும்புகிறது. துரொம்சோவுக்கு எதிரே நிற்கும் மலையே 1238 மீற்றர். காற்று தென்கிழக்கில் இருந்து மலையைத் தாண்டி இறங்கினால் காய்ந்து சூடாகும். மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை, உங்கள் கச்சான் காற்றின் கதைதான். அதே காற்று வடக்குக் கடலுக்குத் திரும்பினால் அடுத்த நாளே முகிலும் தூறலும் 7 பாகையும். ஒரு கிழமை வெயில், இரண்டு கிழமை குளிர் என்று போன மாதத்துக்கும் கடைசியில் ஒரே ஒரு சராசரிதான் எழுதுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பனி. அங்கே பனி மிக உயரமாகக் கிடப்பது தை மாதத்தில் என்று நினைப்பீர்கள். இல்லை. துரொம்சோ நகரின் சாதனை 240 சென்ரிமீற்றர், அது அளக்கப்பட்டது 1997 ஏப்ரல் 29ஆம் திகதி! மே 20 அளவில் இருந்து சூரியன் மறைவதே இல்லை. அந்த நேரத்தில் வெப்பமும் கூடினால் மலைப்பனி இரவு பகலாக உருகி ஆற்றில் இறங்கும். ஆறு பெருகும், ஆனால் தண்ணீர் அப்போதுதான் உருகிய பனி. கடலும் யூனில் பெரும்பாலும் பத்துப் பாகைக்குக் கீழேதான். ஆகவே வெயில் கூடிய யூன்தான் பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கூப்பிடும். தண்ணீரோ சித்திரை மாதத்துத் தண்ணீர் போலவே இருக்கும்.

சூடு கூடி வருவது பொய் என்று நான் சொல்லவில்லை. 2025 யூலையில் அந்த வடக்கிலேயே 30 பாகையைத் தாண்டி நாள்கணக்கில் எரித்தது. குளிருக்காகக் கட்டிய வீட்டுக்குள் மகள் ஆக்கள் நித்திரை இல்லாமல் கிடந்தார்கள். பருவகாலக் கணிப்பு வீண் என்றும் சொல்லவில்லை. மின்சாரத்தில் பெரும்பங்கை நீரில் இருந்து எடுக்கிற நாடு அது. அணைக்கட்டுக்குப் பொறுப்பானவர்களுக்கு அது வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை எங்கே விடுவது என்று தீர்மானிக்க அது உதவாது, அவ்வளவுதான். அதற்கு இரண்டு நாள் முன்னறிவிப்பும், வெள்ளத்துக்கும் சரிவுக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை போடும் வர்சோம் இணையத்தளமும் போதும். பின்மார்க்கில் இருக்கும் பழைய மாணவர்களே, மீன் தொழிற்சாலை நாளில் இருந்து அந்தக் கடலைத் தெரிந்தவர்கள் நீங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள், ரீச்சர் கோபிக்க மாட்டேன்.

இப்போது பேத்தி ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு இரண்டு எண் அனுப்புகிறாள். இறங்குதுறையில் நூலில் கட்டி இறக்கும் வெப்பமானி ஒன்றை மருமகன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். போன ஞாயிறு வந்தது: காற்று 17, தண்ணீர் 6.