பாதப் பராமரிப்பில் சிக்கனம்

அழகு நிலையத்தில் பாதங்களைச் சீர்செய்துகொள்ளச் சில நூறு ரூபாய் ஆகிறது. அதை வீட்டிலேயே செய்துகொள்வது நல்ல சிக்கனம் என்றே நாங்கள் கருதுகிறோம். மண்டபத்தூர்க் கடற்கரையில் உப்புநீரிலும் சுடுமணலிலும் உழைத்துப் பித்தவெடிப்புக் கண்ட பாதங்களுக்குச் சோப்பு, வெதுவெதுப்பான நீர், நகவெட்டி, தேங்காயெண்ணெய் ஆகியவை போதும். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலைகளைத் தோண்டாதீர்கள். விரலிடுக்குகளில் ஈரமும் எண்ணெயும் தங்கலாகாது.

ஆனால் இந்தச் சிக்கனம் பிளேடு வரை செல்லக்கூடாது. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர் கால் ஆணியைச் சீவினாலும், அதற்கெனக் கடையில் விற்கும் பிளாஸ்திரியை ஒட்டினாலும், கொதிநீரில் காலை வைத்தாலும் வலி தெரியாது. வலிக்கவில்லையே என்று இருந்துவிடுகிறார்கள். கிருமி எலும்பைத் தொட்டபின் விரலையோ காலையோ இழக்க நேர்கிறது. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கை கால்கள் சிதைவதற்கு உணர்விழப்பே பெருங்காரணம் என்று காட்டினார். அந்நோயாளிகளுக்குப் பயன்பட்ட எம்.சி.ஆர். எனும் மென்ரப்பர்ச் செருப்பை இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறோம். அழகு நிலையத்தில் மிச்சமாகும் பணம் அதற்குச் செல்லட்டும்.

நீரின் சூட்டை உணர்வு குன்றாத வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும். குனிந்து உள்ளங்காலைப் பார்க்க இயலாத பெரியவர்கள் பேரப்பிள்ளைகளை அழைக்கலாம். அவர்களுக்குக் கண் கூர்மை. சிவப்போ கொப்புளமோ நீர்க்கசிவோ தென்பட்டால், மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல் அன்றே வாருங்கள்.