கலர் அடித்த வானம்

"இதெல்லாம் கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதுடா" என்றான் வகுப்புத் தோழன். 6,500 ஒளியாண்டு தொலைவில், கழுகு நெபுலாவில் இருக்கும் 'படைப்பின் தூண்கள்' படத்தைக் காட்டியபோதுதான். அவன் சொன்னது பாதி நிஜம். 1995ல் ஹப்பிள் எடுத்த அந்தப் படத்தில் பச்சையாகத் தெரிவது ஹைட்ரஜன். உண்மையில் அது விடும் ஒளி சிவப்பு. கந்தகத்தின் ஒளியும் சிவப்பே என்பதால், இரண்டையும் பிரித்துக் காட்ட நிறத்தை மாற்றினார்கள்.

அதனால் படம் பொய்யாகிவிடுமா? என் கட்சி வேறு. ஏமாற்றுவது நம் கண்தான்! கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசு மறித்துவிடுவதால் தூண்கள் கெட்டிச் சுவர் மாதிரி நிற்கின்றன. அலைநீளம் கூடிய அகச்சிவப்போ தூசைத் தாண்டி வந்துவிடும். 2022ல் ஜேம்ஸ் வெப் அண்மை அகச்சிவப்பில் பார்த்தபோது எங்கு பார்த்தாலும் நட்சத்திரங்கள்; தூண்களை ஒட்டிச் சிவப்புப் புள்ளிகளாக, இப்போதுதான் உருவாகிவரும் பிள்ளைகள்! அதே வெப் நடு அகச்சிவப்பில் எடுத்த படத்தில் பெரும்பாலான நட்சத்திரங்களைக் காணோம், தூசுதான் ஒளிர்கிறது. எது நிஜம்? மூன்றுமேதான். (லாப நட்டக் கணக்கோடு நிறுத்திவிட்டு பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டாமல் போனால் எங்கள் வாத்தியார் விடுவாரா என்ன?)

அவனோ, "இருந்தாலும் பழைய படம்தான் அழகு" என்கிறான். அதில் மட்டும் எனக்கும் சண்டை இல்லை.