இணையத்துக்கும் ஒரு திறப்பு வேண்டும்

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விடயம், வீட்டின் ஒரு மூலையில், பெரும்பாலும் சப்பாத்துத் தட்டின் மேலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, சிறு விளக்குகள் மினுங்கக் கிடக்கின்ற அந்தப் பெட்டியைப் பற்றியது. ஜேர்மனியில் வாழும் எம்மவர் அதனை ரூட்டர் என்பர். பிரான்சில் உள்ளோர் பொக்ஸ் என்பர். பெயர் எதுவாயினும் பணி ஒன்றே. ஊரிலிருக்கும் தாயின் முகத்தைக் காண்பதும், பிள்ளைகள் பாடசாலை வேலையை அனுப்புவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. எனினும் வாசற் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடும் வீடுகளிலேகூட இந்தப் பெட்டி பூட்டப்படாமற் கிடப்பதுண்டு.

இது கணினி கற்றவர்களின் கவலை என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் உள்ளதோ அவரே முதலில் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால், இது சட்டம் சம்பந்தப்பட்ட விடயமுமாகும்.

கடிதம் யார் பெயருக்கு வரும்?

ஜேர்மனியின் சமஷ்டி உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் திகதி ஒரு தீர்ப்பை வழங்கியது. ஒருவர் விடுமுறையில் வெளியூர் சென்றிருந்த வேளையில் அவருடைய இணைப்பின் ஊடாக ஒரு பாடல் கோப்புப் பரிமாற்ற வலையில் பகிரப்பட்டது. அவர் வீட்டில் இருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் தமது கம்பியில்லா இணைப்பைத் தகுந்த கடவுச்சொல்லால் காக்கத் தவறியமைக்கு அவர் பொறுப்பாளி என நீதிமன்றம் கூறியது. நட்டஈடு செலுத்த வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தின் செலவு அவரைச் சார்ந்தது.

2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், பிறர் செய்த குற்றத்துக்காக இணைப்பாளரிடம் அத்தகைய செலவைக் கேட்கும் வழியை அகற்றியது. இத்துடன் கவலை தீர்ந்தது என எண்ணுவது தவறாகும். முதற் சந்தேகம் இன்றும் இணைப்பாளர் மீதே விழுகின்றது. வேறு யார் அந்த இணைப்பைப் பயன்படுத்தக்கூடியவராக இருந்தார் என்பதை அவர்தான் விளக்க வேண்டும். திறந்து கிடக்கும் இணைப்பை வைத்துக்கொண்டு அவ்வாறு விளக்குவது எளிதன்று.

பெற்றோர் கவனிக்கவேண்டிய மேலும் இரு தீர்ப்புகள் உள்ளன. 2012 நவம்பரில் அதே நீதிமன்றம், சட்டவிரோதப் பரிமாற்றம் கூடாது எனத் தமது 13 வயதுப் பிள்ளைக்குத் தெளிவாக அறிவுறுத்தியிருந்த பெற்றோர், அப்பிள்ளை அதனை மீறியமைக்குப் பொறுப்பாக மாட்டார்கள் என்றது. 2017 மார்ச்சில் வந்த வழக்கோ வேறு விதமானது. வளர்ந்த பிள்ளைகளுள் எவர் அதைச் செய்தார் என்பதை அறிந்திருந்தும் பெயரைக் கூற மறுத்த பெற்றோரே நட்டஈடு செலுத்த நேர்ந்தது. ஆகவே பிள்ளைகளுடன் ஒருமுறை அமர்ந்து பேசுவது, எந்தக் கடவுச்சொல்லுக்கும் குறைவில்லாத காவலாகும்.

எம்மவர் பலரது வீடுகளில் ஜேர்மன் மொழிக் கடிதங்களைப் படித்துச் சொல்பவர்கள் பிள்ளைகளே. சட்டத்தரணியின் கடிதம் வந்தால் அச்சத்தில் கையொப்பமிட்டு அனுப்பிவிடாதீர்கள். அதனுடன் இணைக்கப்பட்டிருக்கும் உறுதிமொழிப் பத்திரம் உங்களை நீண்ட காலத்துக்குக் கட்டுப்படுத்தக்கூடியது. அதேவேளை கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மறந்துவிடவும் வேண்டாம். குறிப்பிட்ட தவணைக்குள், உங்கள் மாநிலத்திலுள்ள நுகர்வோர் ஆலோசனை நிலையத்தையோ ஒரு சட்டத்தரணியையோ நாடுங்கள்.

பிரான்சிலும் இக்கடமை சட்டத்தில் எழுதப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் சட்டம், தனது இணைப்பு முறையற்றுப் பயன்படாதவாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இணைப்பாளரிடமே ஒப்படைத்தது.

செய்ய வேண்டியவை

முதலாவது, பெட்டியின் இடம். வீட்டின் நடுப்பகுதியில், சற்று உயரமான இடத்தில் வையுங்கள். இரும்பு அலுமாரிக்குள்ளும் நுண்ணலை அடுப்புக்கு அருகிலும் வேண்டாம். அந்த அடுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை அண்டியே இயங்குவதால் இணைப்புக் குழம்பும். 2.4 அலைவரிசை தூரம் போகும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் மிக்கது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் வலுக்குறைந்தது.

இரண்டாவது, திறப்புகள் இரண்டு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று கைத்தொலைபேசியையும் கணினியையும் இணைக்கும் கடவுச்சொல். மற்றையது பெட்டியின் அமைப்புகளையே மாற்றும் நிர்வாகக் கடவுச்சொல். முன்னையது வீட்டுத் திறப்பு என்றால், பின்னையது பூட்டையே மாற்றவல்ல திறப்பு. எம்மவர் பலர் முன்னையதை மாற்றிவிட்டுப் பின்னையதை மறந்துவிடுகின்றனர். பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் துண்டில் 192.168.1.1 அல்லது 192.168.178.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். அதனை இணைய உலாவியில் இட்டால் நிர்வாகப் பக்கம் திறக்கும். உள்ளே சென்றதும் முதல் வேலையாக அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பல பெட்டிகளுக்கும் ஒரே பொதுக் கடவுச்சொல் இட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடை செய்துள்ளது. அதற்கு முன் வாங்கிய பெட்டிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் உள்ளன என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, மறையாக்கம். அமைப்புப் பக்கத்தில் டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் அதனைத் தெரிவு செய்யுங்கள், இல்லையேல் டபிள்யூ.பி.ஏ. 2 போதுமானது. டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறை மட்டும் காணப்படுமாயின் அந்தப் பெட்டிக்கு விடைகொடுங்கள். அதன் பலவீனம் 2001 இலேயே ஆய்வாளர்களால் வெளிப்படுத்தப்பட்டது.

நான்காவது, கடவுச்சொல். பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, ஊரின் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவை ஆகா. இவை எம்மை அறிந்த எவரும் ஊகிக்கக்கூடியவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோர்த்து, இடையே இலக்கங்களை இட்டால் இருபது எழுத்துக்கு மேல் வரும். உங்களுக்கு நினைவிருக்கும், பிறருக்கு எட்டாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக உற்பத்தியாளர் இட்ட நீண்ட கடவுச்சொல்லை அப்படியே வைத்திருந்தது குற்றமாகாது என ஜேர்மன் நீதிமன்றம் 2016 நவம்பரில் கூறியுள்ளது. ஆனால் அந்தத் துண்டு வருவோர் போவோரின் கண்ணில் படுமிடத்தில் இருப்பின் மாற்றிவிடுவதே மேல்.

ஐந்தாவது, டபிள்யூ.பி.எஸ். எனப்படும் எண்முறை இணைப்பை நிறுத்திவிடுங்கள். எட்டு இலக்கங்களாகையால் கோடிக்கணக்கான முயற்சி வேண்டும் எனத் தோன்றும். ஆனால் அவ்வெண் இரு பாதிகளாகச் சோதிக்கப்படுவதாலும், இறுதி இலக்கம் முன்னையவற்றிலிருந்து கணிக்கப்படுவதாலும் ஏறத்தாழ 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011 டிசம்பரில் வெளிவந்தது.

ஆறாவது, மென்பொருட் புதுப்பித்தல். 2016 நவம்பர் இறுதியில் ஜேர்மனியின் ரெலிகொம் நிறுவன வாடிக்கையாளர் ஏறத்தாழ 900,000 பேரின் இணைப்புகள் செயலிழந்தன. தொலைவிலிருந்து ரூட்டர்களைத் தாக்கித் தம்வசப்படுத்த எவரோ முயன்றதே காரணம். தானாகப் புதுப்பிக்கும் வசதி இருப்பின் அதனை இயக்கிவிடுங்கள். வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதி உங்களுக்குத் தேவையில்லை எனின் மூடிவிடுங்கள்.

வலையின் பெயரில் குடும்பப் பெயரோ வீட்டு இலக்கமோ வேண்டாம். பெயரை மறைத்து வைப்பதால் மட்டும் காவல் கிட்டாது. அதனைக் கண்டுபிடிக்கும் கருவிகள் பல உள.

விருந்தினருக்குத் தனி வாசல்

இனி எமது சமூகத்துக்கே உரிய ஒரு சங்கடத்துக்கு வருவோம். வீட்டுக்கு வருபவர் தேநீர் குடிக்கும் முன்பே கடவுச்சொல்லைக் கேட்கிறார். அகதி முகாமில் தங்கியிருக்கும் உறவினர் ஊரிலுள்ள மனைவியுடன் பேச வருகிறார். மேல்மாடியிற் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் மாதச் செலவைப் பகிர்ந்துகொள்ளக் கேட்கிறது. இல்லை என்று சொல்ல எமக்கு வாய் வராது, வரவும் வேண்டியதில்லை. புதிதாக வந்திறங்கியவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எத்தனை பெரிது என்பதை இந்நாடுகளில் முகாம் வாழ்க்கை வாழ்ந்த எவரும் அறிவர்.

இதற்காகவே இன்றைய ரூட்டர்களில் விருந்தினர் வலை என்னும் வசதி உண்டு. அதற்கெனத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் இடலாம். அதில் இணைவோர் இணையத்தைப் பயன்படுத்துவர். உங்கள் கணினியையும் அச்சு இயந்திரத்தையும் அணுக முடியாதவாறு பிரித்து வைக்கலாம். சில பெட்டிகளில் இணையப் பக்கங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் என வரையறுக்கவும் இயலும். மாதம் ஒருமுறை அக்கடவுச்சொல்லை மாற்றினால் எவருடைய மனமும் நோகாது. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: விருந்தினர் வலையும் உங்கள் பெயரிலுள்ள இணைப்பின் ஊடாகவே வெளியே செல்கிறது. ஆகவே யாருக்குக் கொடுத்தோம் என்பதைக் குறித்து வைத்திருப்பது நன்று. பெருந்தொகையினருக்கு வசதி செய்ய விரும்புவோர் ஜேர்மனியில் பிறைபுங் எனப்படும் தொண்டர் அமைப்புகளை அணுகலாம். அகதிகள் பெருமளவில் வந்த 2015 ஆம் ஆண்டுக் காலத்தில் அவர்கள் பல முகாம்களுக்கு இலவசக் கம்பியில்லா இணைப்பை ஏற்படுத்திக் கொடுத்தவர்கள்.

பெட்டியைப் பொருத்தித் தந்தவர் எவ்வளவு தெரிந்த இளைஞராயினும், அவர் சென்றபின் நிர்வாகக் கடவுச்சொல்லை நீங்களே மாற்றிவிடுங்கள். அது அவநம்பிக்கையன்று, நாளை ஏதும் நடந்தால் அவர்மீதும் பழி வராமற் காக்கும் செயலாகும். பழைய பெட்டியைப் பிறருக்குக் கொடுக்கும்போது, பின்புறத்துச் சிறு துளையினுள் ஊசியால் அழுத்தித் தொழிற்சாலை நிலைக்கு மீட்ட பின்னரே கொடுங்கள்.

இவை யாவற்றையும் செய்து முடிக்க ஒரு ஞாயிறு மாலை போதும். பிள்ளைகளை அருகில் இருத்திச் செய்யுங்கள். வீட்டின் திறப்பு எவ்விடத்தில் உள்ளது என்பதை அவர்களும் அறிந்திருக்கட்டும்.

பழைய கைத்தொலைபேசியை ஊருக்கு அனுப்புமுன் அதிலிருந்து அழிக்க வேண்டியவை எவை என்பதை அடுத்த வாரம் நோக்குவோம்.